எந்தக் குரலில் விளையாடுவது? மட்டக்களப்புக் காதால் ஓர் ஒப்பீடு

புதுக் கேம் ஒன்றைப் போட்டால் செட்டிங்ஸுக்குள் ‘குரல் மொழி’ என்று ஒரு தெரிவு இருக்கும். பலர் அந்தப் பக்கம் போவதே இல்லை. போகிறவர்களுக்குள் இரண்டு கட்சி. ஜப்பான் கேம் என்றால் ஜப்பானியம், போலந்துக் கேம் என்றால் போலிஷ், மூலக் குரல்தான் உண்மை என்பது ஒன்று. ‘சண்டைக்குள்ள ஆர் மச்சான் சப்டைட்டில் வாசிக்கிற? இங்கிலீஷப் போடு’ என்பது மற்றது. கல்லடியில் எங்கள் வீட்டு முன்னறையில் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

மூலமா, மொழிமாற்றமா என்று பொதுவில் கேட்டால் தீரவும் தீராது. நான் பார்ப்பது வேறு: சப்டைட்டிலில் இல்லாத எதையாவது அந்தக் குரல் சொல்கிறதா, சொன்னாலும் அது எங்கள் காதுக்கு எட்டுகிறதா? ஆங்கிலமும் எங்களுக்கு வீட்டு மொழி இல்லை, ஜப்பானியமும் இல்லை. ஆகவே இலண்டனிலோ தோக்கியோவிலோ இருந்து எழுதுகிறவர்களின் தீர்ப்பு எங்களுக்கு அப்படியே பொருந்தாது. மாயாஜாலக் கதை கேம்கள் மூன்றை வைத்துப் பார்ப்போம். மூன்றிலும் தமிழ் கிடையாது, குரலாகவும் இல்லை, எழுத்தாகவும் இல்லை.

முதலில் நி நோ குனி. லெவல்-5 நிறுவனமும் அனிமே படங்களுக்குப் பேர்போன ஸ்டூடியோ கிப்ளியும் சேர்ந்து செய்தது. பிளேஸ்டேஷன் 3க்கு ஜப்பானில் 2011இலும் ஆங்கிலத்தில் 2013இலும் வந்தது. 2019இல் மெருகேற்றிய பதிப்பு கணினிக்கும் வந்துவிட்டது. தாயை இழந்த ஒலிவர் என்ற சிறுவன் அழுகிறான். அவன் கண்ணீர் பட்ட பொம்மை உயிர்பெற்று எழும்புகிறது. மூக்கில் லாந்தர் தொங்கும் அந்தக் குட்டி ஆள்தான் ட்ரிப்பி. எழும்பின கையோடு, தான் தேவதைக் குலத்துக்கே பெருந்தலைவன் என்று வாய்வீச்சைத் தொடங்கிவிடும்.

ஜப்பானிய மூலத்தில் அதன் பெயர் ஷிசுகு. பேசுவது ஒசாக்காப் பக்கத்துப் பேச்சு. ஜப்பானில் மேடைப் பகிடிக்காரர்களின் பேச்சு என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். குரல் கொடுத்தவர் நாடக நடிகர் அராடா ஃபுருடா. இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்கள் செய்தி வாசிக்கிற ஆங்கிலத்தில் பேசவிட்டிருக்கலாம். விடவில்லை. ட்ரிப்பிக்கு வேல்ஸ் நாட்டு ஆங்கிலத்தைக் கொடுத்தார்கள். அதைப் பேச வேல்ஸ்காரரான ஸ்டெஃபான் ரோட்ரியையே பிடித்தார்கள். ஓர் ஊர்ப் பேச்சுக்கு இன்னோர் ஊர்ப் பேச்சு.

இனி எங்கள் காது. ஒசாக்காப் பேச்சு தோக்கியோப் பேச்சிலிருந்து எங்கே விலகுகிறது என்பது, வருடக்கணக்காக அனிமே பார்த்தவர்களைத் தவிர இங்கே ஒருவருக்கும் பிடிபடாது. ஃபுருடாவின் குரலில் எங்களுக்குக் கேட்பது வாய் ஓயாத ஓர் ஆள் என்பது மட்டும். ரோட்ரியின் ட்ரிப்பி அப்படியில்லை. வேல்ஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத என் அக்காவின் மகன், ‘மாமா, இவன் கதைக்கிறது யூடியூப்ல கதைக்கிற இங்கிலீஷ் இல்ல, ஏதோ ஊர்க்காரன்’ என்றான். வசனம் ஏறி இறங்கும் இராகமே அவனுக்குப் போதுமாக இருந்தது. நடிகருடைய கெட்டித்தனமும் அதில் இருக்கிறது. வேல்ஸ் பேச்சைக் கேலிப்பொருளாக ஆக்காமல், தன் வீட்டுத் திண்ணையில் இருந்து கதைக்கிறவர் மாதிரி கதைக்கிறார். ஒலிவரை அதட்டும் இடத்திலும் அந்த அதட்டலுக்குள் ஒரு பாசம் கிடக்கிறது.

மூலக் கட்சிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு சங்கதியும் உண்டு. ஜப்பானியக் குரலைப் போட்டாலும் கீழே ஓடுவது வேல்ஸ் வாடை அடிக்கும் அதே ஆங்கில வசனம்தான். காதில் ஒசாக்கா, கண்ணில் வேல்ஸ். நடிகர் இரண்டு சொல்லில் முடித்துவிட, எழுத்து நீளமாக நின்றுகொண்டிருக்கும். மூலத்தைக் கேட்கிறோம் என்ற திருப்தியில் பாதி இங்கேயே கழன்றுவிடுகிறது.

ஆனால் ஒலிவர் விஷயத்தில் ஜப்பானியத்துக்குத்தான் என் வாக்கு. குரல் கொடுத்தவர் மிகாகோ டாபே என்ற நடிகை. தாய் இல்லை என்பது உறைக்கும் அந்த இடத்தில் அழுகைக்கு முன்னால் வருகிற மூச்சுத் தடுமாற்றத்தை அவர் பிடித்திருக்கிறார். ஆங்கில ஒலிவர் பாவம், வசனத்தைப் பிழையில்லாமல் ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரிக் கேட்கிறான். ஆக ஒரே கேமில் ஒருவனுக்கு ஒரு மொழியும் மற்றவனுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கிறது. செட்டிங்ஸ் அதற்கு விடாது. ட்ரிப்பி கூடவே ஒட்டிக்கொண்டு வருவதால் ஆங்கிலம். கதையின் பெரும்பகுதிக்குக் குரலே கிடையாது, வெறும் எழுத்துத்தான் என்பது இரண்டுக்கும் பொதுக் குறை.

அடுத்தது விட்சர் 3. போலந்தின் சீடி புரஜெக்ட் ரெட் 2015இல் வெளியிட்டது. 15 மொழிகளில் எழுத்து, அவற்றில் 7இல் முழுக் குரல் என்று தொடங்கியது. கதைநாயகன் கெரால்ட் காசுக்குப் பேய்பிசாசு கொல்கிறவன். இப்படிப்பட்டவர்களுக்கு உணர்ச்சியே இல்லை என்று ஊரார் நம்புகிறார்கள். ஆங்கிலத்தில் டக் காக்கிள், போலிஷில் யாட்செக் ரோசெனெக். காக்கிளின் குரல் சரளைக்கல்லில் நடக்கிற சத்தம். மேலே போகாது, கீழே வராது. தொடக்கத்தில் இது நடிப்பே இல்லை என்று தோன்றும். கொஞ்ச நேரம் போன பிறகுதான் பிடிபடும், அந்த ஒரே மட்டத்துக்குள் அரை இழை அசைத்தே பகிடியும் எரிச்சலும் காட்டுகிறார் என்று. வளர்ப்பு மகள் சிரியைக் கண்டுபிடிக்கும் காட்சியில் அந்த மட்டம் உடைவது எடுபடுவதும் அதனால்தான். ரோசெனெக் சற்று இளகிய குரல். குத்தல் பேச்சு அவரிடம் கூட. போலிஷ் தெரிந்தவர்களுக்கு அவர்தான் கெரால்ட் என்று சொன்னால் அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆங்கிலப் பதிப்பின் பெரிய உழைப்பு ஊர்ப்பேச்சில் கிடக்கிறது. ஸ்கெல்லிகே தீவுக்காரர் ஐரிஷ் வாடையில் கதைப்பார்கள். சேற்று நிலத்துக் குடியானவர்களுக்கு இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பேச்சு. இதில் பாதி எங்களுக்கு விழாது. தீவுக்காரன் வேறு ஆள் என்று தெரியும். எந்தக் குடியானவன் எந்த மாகாணம் என்பது தெரியாது. ட்ரிப்பியில் கிடைத்த இலாபம் இங்கே அந்த அளவுக்கு இல்லை.

‘இரத்தப் பாரன்’ என்று பட்டம் பெற்ற பிரபு வரும் பகுதிதான் உண்மையான பரீட்சை. குடித்து மனைவியை அடித்தவன். மனைவியும் மகளும் போய்விட்டார்கள். ‘தேடித் தா’ என்று கெரால்டிடம் நிற்கிறான். ஆங்கிலத்தில் அவன் கதையைச் சொல்லும்போது, அடுப்படியில் நின்ற அம்மா எட்டிப் பார்த்து, ‘ஆர்ரா அந்த மனிசன்? குடிச்சுப்போட்டுக் கதைக்கிற மாதிரிக் கிடக்கு’ என்றா. அவவுக்கு ஆங்கிலமும் தெரியாது, கேமும் தெரியாது. பிறகு போலிஷில் அதே இடத்தை ஓடவிட்டேன். ‘இவன் கோவக்காரன்’ என்றா. எனக்கும் அப்படியே பட்டது. ஆங்கிலப் பாரன் குற்ற உணர்வை முன்னால் வைக்கிறான், போலிஷ் பாரன் மிடுக்கை. இந்தக் கதைக்கு முன்னதுதான் கடினம். அதைச் செய்த நடிகருக்கு என் வாக்கு.

போலிஷ் வெல்லும் இடமும் ஒன்று உண்டு. ஏரித் தீவில் மந்திரவாதி ஒருவர் ஊராரைக் கூட்டி, இறந்தவர்களை அழைத்து அமைதிப்படுத்தும் சடங்கு. போலந்துக் கவிஞர் ஆடம் மிட்ஸ்கியேவிச்சின் நாடகம் ஒன்றுக்கும் அடியாக இருக்கிற பழைய நாட்டுவழக்கு அது. ஆங்கிலத்தில் வசனமாகக் கேட்பது போலிஷில் மந்திரமாகக் கேட்கிறது. ஒரு சொல்லும் விளங்காது, விளங்கவும் தேவையில்லை. எங்கள் பக்கத்து அம்மன் கோயில் வைகாசிச் சடங்கில் பூசை செய்யும் கட்டாடியாரின் குரலுக்கு முன்னால் நிற்பவர்களில் எத்தனை பேர் சொல் சொல்லாகப் பொருள் பார்க்கிறார்கள்? அந்தச் சடங்கு வரும்போது மட்டும் மொழியை மாற்றிக் கேளுங்கள்.

மொழிமாற்றம் சறுக்குகிற விதத்துக்கும் இதே கேம்தான் உதாரணம். காட்சியின் நீளம் மாறாது, ஆனால் மொழிக்கு மொழி வசனத்தின் நீளம் மாறும். ரஷ்யப் பதிப்பில் அதற்குள் அடக்குவதற்காகக் குரலையே வேகமாக ஓட்டிவிட்டார்கள், சில இடங்களில் இழுத்தும்விட்டார்கள். நல்ல நடிகர் பேசியதும் திடீரென்று அவசரக்காரன் பேச்சாகிவிட, அங்குள்ள ரசிகர்கள் அதை வைத்துக் கேலி செய்து தீர்த்தார்கள். தமிழ் வசனம் ஆங்கிலத்தை விட நீளும் என்பது இங்கே டப்பிங் கார்ட்டூன் பார்த்து வளர்ந்த எவருக்கும் தெரியும். நாளைக்குத் தமிழில் செய்ய வெளிக்கிடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய பாடம் அது.

‘மூலக் குரல்’ என்று பிடிவாதம் பிடிப்பவர்களிடம் இரண்டு கேமைக் காட்டிவிடுவேன். 2022இல் வந்த எல்டன் ரிங் ஜப்பானில் செய்தது. அதில் குரல் ஆங்கிலத்தில் மட்டும்தான், ஜப்பான்காரரும் சப்டைட்டில் வாசித்துத்தான் விளையாடுகிறார். டிராகன் குவெஸ்ட் 11 ஜப்பானில் 2017இல் குரலே இல்லாமல் வந்தது. 2018இல் ஆங்கிலப் பதிப்புக்குக் குரல் சேர்த்தார்கள். ஜப்பானியக் குரல் அதற்கும் பின்னால், 2019இல். இதில் எது மூலம்?

மூன்றாவது கென்ஷின் இம்பேக்ட். 2020இலிருந்து போனில் ஓடுவதால் இங்கே அதிகம் பேர் விளையாடுவது இதுதான். சீனம், ஜப்பானியம், ஆங்கிலம், கொரியன் என நான்கு குரல். இதற்கு நீட்டி எழுத ஒன்றுமில்லை, ஆங்கிலம் கடைசி. சீனப் பெயர்களை ஆங்கில நடிகர்கள் ஆளுக்கொரு விதமாக உச்சரிப்பது ஒரு காரணம். 2024 ஜூலையில் தொடங்கிய அமெரிக்க நடிகர் சங்க வேலைநிறுத்தத்தின்போது சில பாத்திரங்கள் ஆங்கிலத்தில் வாயசைத்துக்கொண்டு ஊமையாக நின்றன. செயற்கை நுண்ணறிவு தங்கள் குரலை எடுத்துக்கொள்ளாமல் இருக்கப் பாதுகாப்புக் கேட்டார்கள். நியாயமான சண்டை, ஆனால் விளையாடுகிறவனுக்குக் காட்சி பாழ். போனில் இடம் குறைவு என்றால் ஒரு குரல் பொதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம். நான் வைத்திருப்பது சீனம்.

அதற்குக் காரணம் யுன் ஜின். 2022 தொடக்கத்தில் வந்த, கூத்தாடுகிற பாத்திரம். எந்த மொழியில் விளையாடினாலும் அவள் பாடும் பாட்டு மட்டும் சீனத்திலேயே இருக்கும். பாடியவர் பீக்கிங் ஒபேராக் கலைஞர் யாங் யாங். வசனத்தை மாற்றலாம், அந்தப் பாட்டை மாற்ற முடியாது என்று தீர்மானித்திருக்கிறார்கள். சீனத்தில் விளையாடினால்தான் பேச்சிலிருந்து பாட்டுக்குப் போகிற அந்தத் தையல் தெரியாது. வடமோடிக் கூத்துக் களரியில் இருந்து பழகியவர்களுக்கு இந்த இடத்தில் விளக்கம் தேவைப்படாது.

இல்லாத நான்காவது தெரிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் வந்தால் எந்தத் தமிழ்? இப்போது அனிமேகளுக்குச் சென்னையில் டப்பிங் நடக்கிறது, கேமுக்கும் அது வரலாம். வந்தால் நாங்களும் கேட்போம், சிரிப்போம். ஆனால் ட்ரிப்பி சென்னையில் கதைத்தால் எங்கள் பிள்ளைகளுக்கு அது ரிவிப் பேச்சுத்தான், ஊர்ப்பேச்சு ஆகாது. இலங்கை வானொலி எழுபதுகளில் இதைச் செய்துகாட்டியது: ‘கோமாளிகள் கும்மாளம்’ நாடகத்தில் மரிக்கார் ஒரு தமிழ், அப்புக்குட்டி ஒரு தமிழ், உபாலி சிங்கள வாடையில் இன்னொரு தமிழ். ஆளைப் பார்க்காமலே ஆள் தெரிந்தது. எங்கள் கூத்திலும் அரசன் பாடுவது செந்தமிழ்; பகிடிக்கு வருகிறவன் ஊர்ப்பேச்சு. மாயாஜாலக் கதைக்கு வேண்டிய இரண்டு தட்டும் கையில் இருக்கிறது. ஒலிவர் விறைத்து நிற்கும்போது ட்ரிப்பி, ‘என்னகா மனே, மறுகாவும் அழப்போறியா? எழும்பு’ என்றால் ஆரையம்பதியிலும் காத்தான்குடியிலும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள்.

நடிகர்களுக்கும் பஞ்சமில்லை. கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், ஊரூராகக் கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் இருக்கிறார்கள். சிக்கல் பதிவுமுறையில் வரும். கேம் குரலைப் பெரும்பாலும் ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஒலிப்பதிவு அறைக்குள் விட்டு, எக்செல் தாளில் வரிவரியாகக் கொடுத்துப் பதிவுசெய்கிறார்கள். எதிராளி என்ன சொன்னான் என்பதைக்கூடக் கேட்காமல் பதில் சொல்ல வேண்டும். கூத்துக்காரர் பழகியது அடியை எடுத்துக்கொடுக்க ஒருவர், பின்பாட்டுக்கு நாலு பேர் என்ற ஏற்பாடு. இருவரை ஒரே அறைக்குள் இரண்டு மைக்கோடு நிறுத்திப் பதிவுசெய்தால் செலவு கூடும்தான். கேம் முழுவதற்கும் அது கட்டாது. ஒலிவரும் ட்ரிப்பியும் முகத்துக்கு முகம் கதைக்கிற இடங்களுக்கு மட்டும் அந்தக் காசைச் செலவழிக்கலாம்.