டவுன்லோடு லிங்க் கட்டி ஓட்டிய அனுபவம்: 2016 முதல் இன்றுவரை

ஒரு சிறுபத்திரிகையின் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து, பணம் கட்டியவர்களுக்கு மட்டும் டவுன்லோடு லிங்க் கொடுக்கும் வேலை 2016-இல் என் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து அதைப் பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதல் வடிவம் இருபது வரிகூட இருக்காது. லிங்கில் இதழின் எண் வரும், ரீட்ஃபைல் என்ற ஃபங்ஷன் கோப்பை எடுத்து நீட்டிவிடும். முதல் வாரமே ஒரு வாசகர் எழுதினார்: “41-ஐ 42 என்று மாற்றினேன், அடுத்த இதழும் வந்துவிட்டது. அதற்குத் தனியாகப் பணம் கட்டணுமா?” நல்ல மனிதர், கேட்டார். கேட்காதவர்கள் எத்தனை பேரோ!

அப்புறம்தான் கையொப்பமிட்ட லிங்குக்கு மாறினேன். இதழ் எண்ணையும் காலாவதி நேரத்தையும் சேர்த்து, சர்வரில் மட்டும் இருக்கும் ரகசியச் சாவியைக் கொண்டு எச்மேக் முறையில் (சாவி இல்லாதவர் உருவாக்க முடியாத சரிபார்ப்புக் குறி) ஒரு கையொப்பம் உருவாக்கி லிங்கின் வாலில் ஒட்டிவிடுவேன். எண்ணிலோ நேரத்திலோ யாராவது கை வைத்தால் கையொப்பம் பொருந்தாது. டேட்டாபேஸில் எதையும் எழுதிவைக்கத் தேவையில்லை. இந்தப் பகுதியை இத்தனை வருடங்களில் நான் தொடவே இல்லை.

கெட்டிக்காரத்தனம் காட்டப்போய் மாட்டிக்கொண்டது ‘ஒருமுறை மட்டும்’ லிங்கில். ஒரு தடவை திறந்தால் செத்துவிடும்படி செய்தேன். உடனே புகார்கள்: “லிங்கைத் தொடவே இல்லை, அதற்குள் காலாவதி என்கிறது.” சர்வரின் வருகைப் பதிவான லாக் கோப்பை இரண்டு நாள் படித்த பிறகுதான் புரிந்தது. லிங்கை யாராவது அரட்டைச் செயலியில் ஒட்டினால், முன்னோட்டம் காட்டுவதற்காக அந்தச் செயலியே முதலில் போய்த் திறந்துவிடுகிறது. சில அலுவலக மின்னஞ்சல்களில் வைரஸ் சோதனையும் அதையே செய்கிறது. சரி, மூன்று தடவை அனுமதிப்போம் என்றால், பாதியில் அறுந்த டவுன்லோடை மொபைல் தொடரும் ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கு ஏறியது. எண்ணிக்கையையே தூக்கிப் போட்டேன். இப்போது 48 மணி நேரக் கெடு மட்டும்தான்.

கோப்பை அனுப்புவது வேறு தலைவலி. 140 எம்பி தொகுப்பு ஒன்றைப் போட்ட அன்று எல்லோருக்கும் வெற்றுப் பக்கம். ரீட்ஃபைலைத் திட்டினேன். குற்றம் என்னுடையது. வேறு எதற்கோ பக்கத்தின் தலையில், வெளியீட்டை உடனே அனுப்பாமல் நினைவகத்தில் சேர்த்துவைக்கும் அவுட்புட் பஃபரிங்கைத் திறந்து வைத்திருந்தேன். முழுக் கோப்பும் நினைவகத்தில் ஏறி, பிஎச்பியின் 128 எம்பி வரம்பில் முட்டி நின்றது. இன்னொன்று, டவுன்லோடு ஓடும்போது அதே வாசகர் வேறு பக்கத்தைத் திறந்தால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். வந்திருக்கும் வாசகர் யார் என்பதைப் பிஎச்பி குறித்துவைக்கும் செஷன் கோப்பின் பூட்டு டவுன்லோடு முடியும்வரை விடுபடாது. அனுப்பத் தொடங்கும் முன் செஷனை மூடிவிட்டால் போதும். ஒரே வரி, எனக்கு அது தெரிய ஒன்றரை வருடம் ஆயிற்று.

என்ஜின்எக்ஸ் சர்வருக்கு மாறியதும் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. பிஎச்பி கையொப்பத்தைச் சரிபார்த்து, எக்ஸ்-ஆக்செல்-ரீடைரக்ட் என்ற ஹெடரில் (பதிலின் தலைக்குறிப்பில்) கோப்பின் உள்பாதையை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கோப்பை அனுப்புவது என்ஜின்எக்ஸ். பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்வதையும் அதுவே கவனிக்கிறது. அந்தக் கோப்புறையை ‘இன்டர்னல்’ என்று குறித்துவிட்டால், பாதையைத் தெரிந்துகொண்டு நேரே வருபவருக்கு ‘இல்லை’ என்ற 404தான் கிடைக்கும். இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. கோப்புடன் போகும் ஹெடரில் பெயரை வெறும் ‘ஃபைல்நேம்’ என்று போட்டால் சில பிரவுசர்களில் பெயர் குதறப்படும். நட்சத்திரக் குறியுடன் ‘ஃபைல்நேம்*’ என்று எழுதி, எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறை யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு, பெயரைச் சதவீதக் குறியீட்டில் (ஒவ்வொரு பைட்டும் % குறியுடன்) கொடுக்க வேண்டும். யுடிஎஃப்-8இல் ‘க’ 3 பைட், ‘கு’ 6 பைட். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்குப் பொதுவாக 255 பைட்தான் இடம். சிறப்பிதழ்களுக்கு நீளமான தலைப்பு வைக்கும் எங்கள் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். “தலைப்பைக் குறைக்க முடியாது, வேறு வழி பார்” என்றார். கோப்புக்கு வெறும் இதழ் எண்ணையே பெயராக வைத்துவிட்டேன். தலைப்பு அட்டையில் இருக்கிறதே.