1902 எரிமலை அஞ்சலட்டை என்று மறுபதிப்பை விற்கிறார்கள்: சேகரிப்பாளர்கள் கவனத்திற்கு

பினாங்கு ஜார்ஜ்டவுனில் பழைய அஞ்சலட்டைகளை விற்கும் ஒருவரிடம், எரிமலைச் சீற்றங்களையும் நிவாரணப் பணிகளையும் காட்டும் சில அட்டைகளை அண்மையில் வாங்கினேன். 1902 மே 8 அன்று, கரீபியனில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மார்த்தினிக் தீவின் பெலே எரிமலை வெடித்து, சான் பியேர் நகரில் ஏறத்தாழ 28,000 பேரைச் சில நிமிடங்களில் பலிகொண்டது. அதிலிருந்து தப்பியோர் உணவுக்காக வரிசையில் நிற்கும் காட்சி என்று அவர் காட்டிய அட்டைக்கு மட்டும் 380 ரிங்கிட். அந்த ஆண்டிலேயே அஞ்சலில் சென்ற அசல் என்று எழுத்தில் உறுதியளித்ததோடு, நான் கேட்டதும் பின்பக்கப் படத்தையும் அனுப்பினார். அதில் அக்கால வழக்கப்படி முகவரிக்கு மட்டுமே இடம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததோ வேறோர் அட்டை. அதன் பின்பக்கத்தை ஒரு நடுக்கோடு இரண்டாகப் பிரிக்கிறது. முகவரிப் பக்கத்திலேயே செய்தியும் எழுதலாம் என்று பிரெஞ்சு அஞ்சல் துறை அனுமதித்தது 1903-இன் இறுதியில்தான் என்பதால், இக்கோடும் அட்டையில் உள்ள 1902 அஞ்சல் முத்திரையும் ஒரே அட்டையில் சேர்ந்திருக்க வழியில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, முத்திரையின் கருமை மையாக இல்லாமல், படத்தில் உள்ள அதே நுண்ணிய வண்ணப் புள்ளிகளால் ஆனதாக இருந்தது. இடது மூலையில் ஒரு மடிப்பு தெரிகிறது. விரலால் தடவினால் அந்த இடம் வழவழவென்று இருக்கிறது; மடிப்பும் படத்தோடு சேர்ந்து அச்சானதுதான். புற ஊதா விளக்கின் கீழ் அட்டை முழுவதும் நீல வெண்மையாய் ஒளிர்கிறது. அப்படி ஒளிரச் செய்யும் வெண்மையூட்டிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே தாளில் பரவலாகச் சேர்க்கப்பட்டன.

இவற்றையெல்லாம் படமெடுத்து அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பழைய சாமான்னா அப்படி இப்படித்தான் இருக்கும் அண்ணே" என்று ஒரே வரியில் பதில் சொன்னவர், அதன் பிறகு என் அழைப்பை எடுக்கவேயில்லை. அதே மடிப்புள்ள படத்தை இப்போது மீண்டும் விற்பனைக்குப் போட்டிருக்கிறார். 1883-இல் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது அனுப்பிய புகைப்பட அஞ்சலட்டை என்று இன்னொன்றும் அவரிடம் இருக்கிறது. பட அஞ்சலட்டைகள் பரவலானதே 1890-களில்தான் என்பதை அறிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மறுபதிப்பு என்று சொல்லி விற்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. பேரழிவில் வீடிழந்தவர்களின் முகங்களைத் தாங்கிய ஆவணத்தைப் போலியாகச் செய்து, நேற்று அச்சிட்ட தாளைச் சாட்சியமாக நம்பவைப்பதுதான் பொறுக்க முடியாத செயல்.

பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் புகார் செய்துள்ளேன். கட்டணம் 5 ரிங்கிட்தான். இடது மூலையில் அதே மடிப்புள்ள அட்டையை வாங்கியவர்கள் பணம் செலுத்திய ரசீதையும் விற்பவர் அனுப்பிய செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். அட்டை வந்த உறையையும் வீசிவிட வேண்டாம்.