பிள்ளைக்குப் பனிச்சறுக்கு வகுப்பு: குழுவா, தனியா, நாமே சொல்லித்தரலாமா?

விலைப்பட்டியலை மட்டும் பார்த்தால் குழு வகுப்பு மலிவு, தனி வகுப்பு விலை கூடுதல் என்பதோடு கணக்கு முடிந்துவிடும். அதற்குமுன் பார்க்க வேண்டியவை இரண்டு: பிள்ளையின் வயது, மலையில் தங்கப்போகும் நாள்கள்.

ஐந்து வயதுக்கு மேல், மூன்று நாளுக்குக் குறையாமல் தங்குவதானால் குழு வகுப்பே மேல். பக்கத்துப் பிள்ளை விழுந்து எழுவதைப் பார்த்துவிட்டால் தான் விழுவது பெரிதாகத் தெரியாது. பயிற்சியாளர் 'பீட்சா' என்று கத்தியதும் ஸ்கீ (காலில் மாட்டும் நீளமான சறுக்குப்பலகை) முனைகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி, பீட்சாத் துண்டு வடிவில் வைத்து வேகம் குறைப்பதை விளையாட்டாகவே பிடித்துக்கொள்வார்கள். குழுவின் குறை காத்திருப்பு. எட்டுப் பேர் வரிசையில் நின்று ஒவ்வொருவராக இறங்கினால், இரண்டு மணி நேர வகுப்பில் பெரும்பகுதி குளிரில் நிற்பதிலேயே போகும். ஒரு பயிற்சியாளருக்கு அதிகபட்சம் எத்தனை பேர் என்று பதிவுக்கு முன்பே கேளுங்கள். சிறுபிள்ளைகள் ஆறு பேரைத் தாண்டினால் யோசிக்க வேண்டியதுதான். திறனோடு வயதையும் பார்த்துப் பிரிக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். மொழி இன்னும் முக்கியம். 'நில்' என்பது புரியாத பிள்ளை மற்றவர்கள் மேல் போய் மோதித்தான் நிற்கும்.

மூன்று, நான்கு வயதுக்கும் ஒரே நாள் பயணத்துக்கும் தனி வகுப்பு பொருந்தும். ஒரு மணி நேரம் போதும். நான்கு வயதுப் பிள்ளைக்கு மூன்று மணி நேர வகுப்பு பதிவு செய்தால் பாதிக் காசு அழுகைக்குத்தான். அண்ணன் தங்கையைச் சேர்த்து ஒரே தனி வகுப்பில் விடுவது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் ஒருவர் வளைந்து திரும்பப் பழகியபின்னும் மற்றவர், சரிவின் மேலே ஏற்றிவிடும் நகரும் பட்டையை விட்டு இறங்கவே தடுமாறினால், பயிற்சியாளர் தடுமாறுபவரோடுதான் நிற்பார். பயந்த பிள்ளைக்கு முதல் நாள் தனியாக ஒரு மணி நேரம், மறுநாளிலிருந்து குழு என்ற கலவை நல்ல பலன் தரும்.

பனி மழலையர் பள்ளி இன்னொரு வழி. பிரான்சின் இ.எஸ்.எஃப். என்ற பனிச்சறுக்குப் பள்ளிகள் நடத்தும் 'பியூ பியூ' இந்த வகைதான். மூன்று வயதிலிருந்தே சேர்ப்பார்கள். இத்தகைய இடங்களில் எவ்வளவு நேரம் பனியில், எவ்வளவு நேரம் உள்ளே விளையாட்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெற்றோரே கற்றுத்தருவதுதான் அதிகம் சொதப்பும். நன்றாகச் சறுக்கும் பெரியவருக்குச் சரிவு எவ்வளவு செங்குத்து என்பதே உறைக்காது. இடுப்பு வாரைப் பின்னாலிருந்து பிடித்தால் பிள்ளை அதில் சாய்ந்துகொள்ளும். எடை குதிகாலுக்குப் போனால் ஸ்கீயின் முன்பகுதி அழுந்தாது. வளைந்து திரும்பவும் வராது, நிற்கவும் வராது. காலையில் வகுப்பில் பழகிய அதே சரிவில் மாலை அரை மணி நேரம் கூடவே சறுக்குவது பெற்றோருக்கு ஏற்ற வேலை.

முழுநாள் வகுப்பை முதல் இரண்டு நாள் தவிர்த்து, காலை வகுப்பு மட்டும் எடுக்கலாம். காலையில் சரிவு சீர்செய்யப்பட்டிருக்கும், பிள்ளையும் களைத்திருக்காது. பருவக் கடைசியில் மட்டும் கணக்கு மாறும்: விடிந்ததும் பனி கண்ணாடிபோல் இறுகியிருக்கும், பிற்பகலில் கஞ்சியாகிச் சின்னக் கால்களுக்குத் தள்ள முடியாமல் கனக்கும். அப்போது முற்பகல் நடுவில் தொடங்கும் வகுப்பே சரி.

எந்த வகுப்பானாலும் பூட்ஸ் சரியில்லாவிட்டால் வீண். இரண்டு காலுறை போட்டால் மடிப்பு விழுந்து கால் வலிக்கும், இரத்த ஓட்டம் குறைந்து விரலும் விறைக்கும். முழங்கால்வரை நீண்ட ஒன்றே போதும். ஸ்கீயை நிமிர்த்தி வைத்தால் பிள்ளையின் மார்புக்கும் முகவாய்க்கும் இடையில் நிற்கட்டும். தொடக்கத்தில் கைக்கோல் வேண்டாம். எடையைச் சரியாகச் சொல்லுங்கள், விழும்போது பூட்ஸ் ஸ்கீயிலிருந்து கழன்றுகொள்ளும் அளவை அதையும் வைத்துத்தான் அமைப்பார்கள். இதையெல்லாம் முந்தின நாள் மாலையே வாடகைக் கடையில் முடித்துவிடுங்கள். வகுப்பன்று காலை அங்கே வரிசை நீளும்.

வகுப்பில் விட்டபின் வேலியோரம் நின்று கையசைக்காதீர்கள். பிள்ளை கண்ணில் படாத தூரத்தில் இருங்கள். உங்கள் தொலைபேசி எண் எழுதிய அட்டை அதன் ஜாக்கெட் பையில் இருக்கட்டும்.