ஐஎஸ்20-ஆ ஐஎஸ்38-ஆ: ஆக்டேவியா ஆர்எஸ்-க்கு எந்த சைஸ் டர்போ?

டர்போ, அதாவது புகையோட வேகத்துல சுத்தி இஞ்சினுக்குள்ள காத்த அமுக்கித் தள்ற சாமான், அதோட சைஸ் பத்தி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தானுங்க வருது, "போடறது போடற, பெருசா போட்டுறு". ரெண்டு வருசம் நானும் அப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். கடைசில அட்வான்ஸ் கட்டப் போற நேரத்துல மனசு மாறி சின்னதோடயே நின்னுட்டேன், ஏன்னு கேக்கறவங்களுக்கெல்லாம் தனித்தனியா சொல்லி மாளல, அதான் ஒட்டுக்கா எழுதிடறேன்.

என்ற காரு 2017 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 2 லிட்டர் இஏ888 இஞ்சின், ஷோரூம்ல இருந்து வர்றப்பவே 230 பிஎஸ், 350 என்எம், ஃப்ரன்ட் வீல் டிரைவ், 6 ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். உள்ள இருக்கற டர்போ ஐஎச்ஐ கம்பெனியோட ஐஎஸ்20. இதுக்கு மேல போகணும்னா மூணு வழி. அதே ஐஎஸ்20-ய வெச்சுட்டு ஈசியு (இஞ்சின் கம்ப்யூட்டர்) ட்யூன், பெரிய இன்டர்கூலர் (டர்போ காத்த ஆத்தறது), டவுன்பைப் (டர்போவுக்குப் பின்னாடி வர்ற புகைக்குழாய்). இல்ல, ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்ல வர்ற, இதவிடப் பெரிய ஐஎஸ்38-ஐ மாட்டறது, இந்த இஞ்சின்ல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளயே இருக்கறதால டர்போ நேரா ஹெட்லயே உக்காரும், பெருசா வெட்டு ஒட்டு வேலை இல்ல. மூணாவது காரெட் ஜி25-660 மாதிரி வெளி டர்போ, அதுக்குத் தனி கிட், தனி பைப்பிங், எல்லாமே தனி.

இன்சூரன்ஸ், ஆர்சி, வாரன்டி தலைவலி மூணுக்கும் ஒண்ணுதான், அத விடுங்க. செலவும் தெரிஞ்ச கதை, பெருசாப் போகப் போக மொத்தச் செலவுல டர்போ விலை பாதிதான், ஃப்யூவல் பம்ப்பு, கியர்பாக்ஸ் ட்யூன், கிளட்ச்னு மீதி பாதி பின்னாடியே வந்து நிக்கும்.

நான் யோசிச்சது வேற எடத்துல இருந்து. எங்களுக்கு கணபதி பக்கம் லேத் பட்டறை, பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். மோட்டார் வாங்க வர்றவங்க "பெரிய எச்பி குடுங்க"ன்னுதான் கேப்பாங்க, அப்பா திருப்பிக் கேக்கறது "கெணறு எத்தன அடி, எவ்வளவு தண்ணி வேணும்"னு. பம்ப்புக்கு ஹெட்டு (தண்ணி ஏத்தற உயரம்), டிஸ்சார்ஜ் (வர்ற தண்ணி)னு ஒரு கர்வ் இருக்குதுல்ல, டர்போவுல காத்த அமுக்கற கம்ப்ரசருக்கும் அதே கதைதான், ஹெட்டுக்குப் பதிலா பிரஷர் ரேஷியோ (வெளிக்காத்த எத்தன மடங்கு அமுக்குதுங்கறது), டிஸ்சார்ஜுக்குப் பதிலா நிமிஷத்துக்கு எத்தன பவுண்டு காத்து. இடது கோட்டைத் தாண்டுனா சர்ஜ் (காத்து திருப்பி அடிக்கும்), வலது பக்கம் போனா சோக் (அதுக்கு மேல காத்து போகாது), நடுவுல இருக்கற தீவுலதான் காத்து எச்சா சூடாகாம வரும். 2 லிட்டர் இஞ்சின், 6,000 ஆர்பிஎம், காத்து உள்ள போற இன்டேக் மேனிஃபோல்டுல மொத்தம் 2.2 பார்னு கணக்குப் போட்டா சுமாரா 28 பவுண்டு வருது, ஒரு பவுண்டுக்கு 10 குதிரைன்னு வெச்சா 280. அது ஐஎஸ்20 மூச்சு முட்டாம குடுத்துடும். எனக்கு அதுக்கு மேல எதுக்குன்னு அப்பவே ஒரு கேள்வி வந்துடுச்சு, ஆனா ஆசை விடல.

ஒரு நாள் மச்சான் பட்டறைக்கு ஒரு பழைய ஐஎஸ்38-ம், பழுதாகிக் கழட்டுன ஐஎஸ்20-ம் கொண்டாந்தான். ரெண்டோட டர்பைன் வீலையும் (புகை சுத்திவிடற சக்கரம்) பெஞ்சுல பக்கத்துல பக்கத்துல வெச்சோம். பாத்தா பெரிய வித்தியாசமே தெரியல, "இவ்வளவுதானா?"ன்னு இருந்துச்சு. ஆனா லேத்துல வேலை செய்யறவனுக்குத் தெரியும், சுத்தற சாமானோட இனர்ஷியா விட்டத்தோட அஞ்சாவது அடுக்குல ஏறும். வீல் 10 சதவீதம் பெருசானா சுத்திவிடறதுக்கான பாரம் 60 சதவீதம் எச்சாகும். அதுவும் டர்பைன் வீல் கனமான நிக்கல் அலாய், கம்ப்ரசர் மாதிரி அலுமினியம் இல்ல. கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசம் கால்ல தெரியும்.

எங்க தெரிஞ்சுதுன்னா வால்பாறை ரோட்டுல. மச்சானோடதும் ஆர்எஸ்தான், அவன் ஐஎஸ்38 மாட்டிட்டான், எனக்கு ட்யூன் பண்ணுன ஐஎஸ்20. ஆழியார்ல டீ குடிச்சுட்டு சாவிய மாத்திக்கிட்டோம். 40 கொண்டை ஊசி வளைவு, ரேஸ் எல்லாம் ஓட்டலீங்க, எதிர்ல பஸ்ஸு வரும், வளைவுல வரையாடு நிக்கும். வளைவு முடிஞ்சு வெளிய வர்றப்ப ரெண்டாவது கியர்ல மணிக்கு 30 கிலோமீட்டர், ஆர்பிஎம் 2,200 பக்கம். ஐஎஸ்20-ல ஆக்சிலேட்டர மிதிச்சா 2,500-க்குள்ள பூஸ்ட் (டர்போ எச்சா தள்ற அழுத்தம்) முழுசா நிக்குது, அவன் வண்டில பூஸ்ட் முள்ளு மெதுவா ஏறி 3,200 தாண்டித்தான் நெறைய பூஸ்ட், அது வந்து சேர்றதுக்குள்ள அடுத்த வளைவு வந்துடுது, பிரேக் போட்டாச்சு. வந்ததும் ஒரேயடியா வர்றதால முன் சக்கரம் ரெண்டும் வழுக்குது, டிராக்‌ஷன் லைட்டு மினுக்கு மினுக்குனு. ஒம்பதாவது வளைவு லோம்ஸ் வியூ கிட்ட வரையாடு ரெண்டு ரோட்ட மறிச்சு நின்னுச்சு, நின்னு கெளம்பறப்ப அவன் வண்டி சும்மா 1.4 லிட்டர் கார் மாதிரி தவழ்ந்துது. அட்டகட்டில நிறுத்துனா அவன் எறங்கி வந்து கேக்கறான், "மாப்ள, உன்ற வண்டி ஏன்டா இப்படி வெரசா எந்திரிக்குது?"

ஊட்டுக்கு வந்து, வண்டி ஓடுனத பதிவு பண்ணுன லாக் ஃபைல எடுத்துப் பாத்தேன். மலை ஏறுன நேரத்துல 5,000-க்கு மேல ஆர்பிஎம் போனது மொத்தமா ரெண்டு நிமிஷம் கூட இல்ல. ஆபீஸ் போற நாள்ல கேக்கவே வேண்டாம், அவிநாசி ரோட்டு டிராபிக்ல 3,000-மே பெருசு. ஐஎஸ்38 ஜெயிக்கறது 4,500-க்கு மேல, நான் வாழறது 2,000-த்துக்கும் 4,000-த்துக்கும் நடுவுல. என்ற முடிவு அன்னைக்கே ஆயிடுச்சு. சிலபேரு ஏ/ஆர் சின்னதா ஹவுசிங் (புகை நுழையற வழி குறுகலா இருக்கற கூடு) போட்டு பெரிய டர்போவ சீக்கிரம் எழுப்பலாம்னு சொல்லுவாங்க, ஓஸ் வாயில கட்டைவிரல வெச்சா தண்ணி வேகமா பீச்சற மாதிரி, நெசந்தான், ஆனா அந்த விரல் மேல் ஆர்பிஎம்ல எக்ஸாஸ்ட்டையும் அடைச்சுக்கும், அப்புறம் பெருசு போட்ட லாபம் எங்க.

சின்னதுக்கு கெட்டதே இல்லன்னு சொல்ல மாட்டேன். ஊட்டி போறப்ப தெரியுது. கோயம்புத்தூர் 411 மீட்டர், வெளிக்காத்து 0.96 பார் பக்கம், ஊட்டி 2,240 மீட்டர், அங்க 0.77 பார்தான். மேனிஃபோல்டுல அதே 2.2 பார் வேணும்னா கீழ பிரஷர் ரேஷியோ 2.3, மேல போனா 2.86. டர்போ ரொம்ப வேகமா சுத்தணும், காத்து சூடாகும், ஈசியு பிளக் பத்தற டைமிங்க பின்னாடி இழுக்கும், பவர் கொறையும். ட்யூனர்கிட்ட சொல்லி 5,000-க்கு மேல பூஸ்ட்ட கொறைக்க வெச்சிருக்கேன், அதனால லவ்டேல் தாண்டி கடைசி ஏத்தத்துல வண்டி கொஞ்சம் சோர்வாத்தான் இருக்கும். பெரிய டர்போ அந்த ரேஷியோல நிம்மதியா இருக்கும், ஆனா மெல்லிசு காத்துல அது எந்திரிக்க இன்னும் நேரம் எடுக்கும், அதயும் சேத்துக் கணக்குப் பாருங்க.

செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக்ல கதை வேற. 2.1 கிலோமீட்டர் ட்ராக், நேர் ரோட்டுல மச்சான் என்னய தாண்டிப் போனான், திரும்பறப்ப நான் கிட்ட வந்துடறேன், அடுத்த நேர்ல மறுபடி போயிடறான். அங்க ஆர்பிஎம் கீழயே எறங்காது, அதனால ஐஎஸ்38 தூங்கவே இல்ல. நாலஞ்சு லேப்புக்கப்புறம் என்ற இன்டேக் டெம்பரேச்சர் ஏறி பவர் எறங்கிடுச்சு, அவனுக்கு அவ்வளவு எறங்கல. மாசம் ஒருக்கா ட்ராக் போறவரா இருந்தா கண்ண மூடிட்டு 38-ஐ வாங்கிக்கோங்க, கியர்பாக்ஸ் ட்யூனோட.

ஜி25 பத்தி எச்சா பேச எனக்குத் தகுதி இல்ல. தெரிஞ்சவர் வண்டில ரெண்டு தடவ பக்கத்து சீட்ல உக்காந்திருக்கேன், அவ்வளவுதான். 4,000 தாண்டுனதும் தல சீட்ல ஒட்டிக்குது, அதுக்கு முன்னாடி ஒண்ணுமே நடக்கல. மூணாவது தடவ போலாம்னு போன் பண்ணுனப்ப வண்டி ஜாக்கி மேல நின்னுச்சு, ஏதோ ஒரு ஆயில் லைன் வரணுமாம்.