வேலூர் வெயிலுக்கு மொட்டை மாடி: தட்டோடா, கூலிங் டைல்ஸா, வெள்ளை பெயின்ட்டா?

மரமில்லா மலை, நீரில்லா ஆறு என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். அந்த மொட்டைப் பாறையைக் காய்ச்சுகிற வெயில்தான் நம் மொட்டை மாடியையும் காய்ச்சுகிறது. மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு வெறும் கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். 5 அங்குலக் கான்கிரீட்டைக் கடந்து அந்தச் சூடு உள்ளே இறங்க மூன்று நான்கு மணி நேரம் ஆகும். சத்துவாச்சாரியானாலும் காட்பாடியானாலும் மாடி அறையில் மதியத்தைவிட ராத்திரி ஏழு எட்டு மணிக்கு ஃபேன் அதிக அனலைக் கொட்டுவது இதனால்தான்.

கணக்குக்கு 40-க்கு 25 அடி, அதாவது 1,000 சதுர அடி தளம் என்று வைத்துக்கொள்வோம். விலைகள் தோராயம், ஊருக்கு ஊர், மேஸ்திரிக்கு மேஸ்திரி மாறும்.

முதலில் தட்டோடு. ஆற்காடு, வாலாஜா பக்கத்துப் பழைய வீடுகளில் பார்க்கும் சிவப்புத் தளம் இதுதான். பொதுப்பணித் துறை அளவுப்படி 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12.5 பங்கு சுண்ணாம்பு, மணல் கிடையாது. சராசரி 3 அங்குலக் கனத்தில் பரப்பி, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்து, அடித்த கட்டை தடம் பதிக்காமல் எகிறும்வரை நாலைந்து நாள் அடிக்க வேண்டும். அதன்மேல் 9 அங்குலச் சதுர ஓடு. உடைசலோடு சேர்த்து 1,850 ஓடு வாங்குங்கள். செலவு 1,10,000 முதல் 1,40,000 வரை.

இதில் கெடுவது மூன்று இடத்தில். சுண்ணாம்பு சரியாக நீறாமல் கலவையில் போனால், மாதம் கழித்து உள்ளுக்குள் பொரிந்து ஓட்டைத் தூக்கும். ஆள்கூலிக்குப் பயந்து சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட் போட்டால் தளம் வெடிக்கும். பாயின்ட்டிங், அதாவது ஓடுகளுக்கு நடுவே உள்ள இடுக்கை அடைக்கும் பூச்சு, ஒரு இடத்தில் விட்டாலும் தண்ணீர் ஜல்லிக்குள் குளம்போல நின்றுவிடும். ஹாலில் சொட்டும், ஆனால் ஓட்டை படிக்கட்டுப் பக்கம் இருக்கும். எடையையும் மறக்கக் கூடாது: 1,000 சதுர அடிக்கு ஏறத்தாழ 18 டன்.

சூட்டுக்கு இது எப்படி? வெயிலை முழுக்கத் தடுக்காது, தாமதப்படுத்தும். சிவப்பு ஓடு பெரும்பகுதி வெப்பத்தைக் குடித்து, மூன்று அங்குல ஜல்லியில் சேர்த்துவைத்து, நீங்கள் படுக்கப்போகும் நேரத்தில் மெல்ல இறக்கும். தட்டோட்டின் முக்கிய வேலை வாட்டம், அதாவது தண்ணீர் ஓடச் சரிவு, கொடுப்பதும் மழை நீரை வெளியேற்றுவதும்தான். 25 அடி நீளத்துக்கு 3 அங்குல இறக்கம், அதாவது நூற்றுக்கு ஒன்று, இதில் அழகாகக் கிடைக்கும்.

கூலிங் டைல்ஸ் வெள்ளையாக இருப்பதால் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. அடிக்கு அடி டைல் 1,050, ஒரு அங்குலக் கலவைக்கு 18 மூட்டை சிமென்ட், சுமார் 90 கன அடி எம்-சாண்ட், கூலி, இடைவெளி நிரப்பும் கிரௌட் எல்லாம் சேர்த்து 85,000 முதல் 1,05,000 வரை. தட்டோட்டில் பாதி எடைகூட வராது. ஆனால் பழைய தட்டோட்டின் மேலேயே இதைப் போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பொறியாளர் பார்க்காமல் ஏழு டன்னைக் கூடுதலாக ஏற்றக் கூடாது.

டைல்ஸ் தோற்பது பெரும்பாலும் ஓரத்தில். கைப்பிடிச் சுவரை ஒட்டி இடைவெளி விடாமல் இறுக்கிப் பதித்தால், பகலில் விரிந்து ராத்திரி சுருங்கி, இரண்டாவது கோடையில் நடுவில் கூடாரம்போல எழும்பும். சுவரோரம் அரை அங்குலம் விட்டு மீள்தன்மையுள்ள சீலன்ட் அடைக்கச் சொல்லுங்கள். பதித்த பிறகு நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பாருங்கள். 'டொக்கு' என்று வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் கலவை இல்லை. கையோடு பெயர்த்துப் போடச் சொல்லுங்கள்.

வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட்டுக்கு இரண்டு கோட்டுக்குச் சுமார் 35 லிட்டர், பிரைமர், கழுவும் கூலி உட்பட 20,000 முதல் 28,000. புதிதாக இருக்கும்போது வெயிலில் எண்பது சதவீதம்வரை திருப்பும். தூசி படிந்தால் அறுபதுகளுக்கு இறங்கும். மாசிக்குள் ஒருமுறை, அக்கினி நட்சத்திரத்துக்கு முன் ஒருமுறை துடைப்பமும் தண்ணீரும் போட்டால் பாதி மீளும். காலை ஒன்பதுக்குள் அடித்து முடிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் கொப்புளம் கட்டும். பாசியைச் சுரண்டாமல் அடித்தால் பாசியோடு உரிந்து வரும்.

இதன் பரம எதிரி தேங்கும் தண்ணீர். அடிப்பதற்கு முன் தளத்தில் நாலு குடம் ஊற்றிப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் எங்காவது நின்றால் முதலில் அங்கே வாட்டத்தைச் சரிசெய்யுங்கள். டேங்க் நிரம்பி வழியும் மூலைதான் முதலில் உரியும்.

வெறும் சுண்ணாம்பு அடிப்பதையும் மறந்துவிடக் கூடாது. 45 கிலோ சுண்ணாம்பு, 3 கிலோ வெள்ளைப் பசை, இரண்டு ஆள், ஒரு நாள், மூன்று கோட்டு: சுமார் 3,500 ரூபாய். ஐப்பசி மழையில் கரைந்துவிடும், அடுத்த வருஷம் மறுபடி அடிக்கணும். கீழ்ப்பக்கம் ஃபால்ஸ் சீலிங் போடுவது தளம் சூடேறிய பிறகு செய்யும் வைத்தியம். அதில் காசைக் கொட்டாதீர்கள்.

12 வருஷக் கணக்கில் சுண்ணாம்பு 42,000. பெயின்ட் முதல் தடவை 22,000, மூன்று வருஷத்துக்கொரு முறை 12,000 வீதம் மூன்று முறை, ஆக 58,000. டைல்ஸ் 95,000, கிரௌட் பழுது தனி.

தளம் ஒழுகாமல் வாட்டமும் சரியாக இருந்தால் பெயின்ட்டே போதும். வாட்டமே இல்லாத புது வீட்டுக்குச் சரிவான கலவைமேல் டைல்ஸ். பழைய தட்டோடு திடமாக இருந்தால் அதைப் பெயர்க்க வேண்டாம். பாயின்ட்டிங்கைச் சரிசெய்து, மேலே வெள்ளை அடியுங்கள். நம்பிக்கை இல்லையென்றால் படுக்கை அறைக்கு மேலே உள்ள பகுதிக்கு மட்டும் முதலில் அடித்துவிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி அந்த அறையின் கூரையையும் பெயின்ட் அடிக்காத அறையின் கூரையையும் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள்.