பழைய றேசிங் சைக்கிள் எடுக்கப் போகிறீர்களா? புதுப் பெயின்றுக்குக் காசு கொடுக்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய றேசிங் சைக்கிள் ஒன்று எடுக்க யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். லண்டனில் இருந்து வந்தது, அசல் றலி, 531 (றெனோல்ட்ஸ் கம்பனியின் பெயர்பெற்ற மெல்லிய குழாய்) பிறேம் என்று சொல்லி எனக்கு 65,000 ரூபாவுக்கு ஒரு வண்டி விற்றார்கள். அது முன்பக்கம் மோதி வளைந்ததை நிமிர்த்தி, புட்டி பூசி, மேலே பளபளவென்று சிவப்புப் பெயின்ற் அடித்த வண்டி. விற்றவரின் பெயரை நான் இங்கே போடவில்லை. இதே வேலையை வேறு ஆட்களும் செய்யலாம். அதனால் எப்படி மறைத்தார்கள் என்பதைத்தான் விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுக்குச் சைக்கிள் புதிதில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. விறகு, நெல் மூட்டை, நோயாளி என்று எல்லாமே கரியரில் போனது. 2022 இல் எரிபொருள் வரிசை வந்தபோது திரும்பவும் எல்லாரும் சைக்கிளைத் தேடினார்கள். ஆனால் எங்கள் கண் பழகியது தாத்தாமாரின் றலிக்கு. அது தடித்த குழாய், கனத்த வண்டி, எதையும் தாங்கும். நல்ல றேசிங் சைக்கிளின் குழாய் அப்படியில்லை. நடுப்பகுதியில் ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கூட இருக்காது. கனம் குறையவேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்வது. பழைய றலியில் “சின்ன நெளிவுதானே” என்று விடக்கூடிய விஷயம், இதில் வண்டியையே கழிக்கவேண்டிய விஷயம்.

விற்றவர் விளம்பரம் போட்டிருந்தார். வீட்டுக்குப் போனேன். வண்டி கண்ணாடி போல மின்னியது. “அண்ணை, எங்கயும் அடிபட்டதோ?” என்று நேரடியாகவே கேட்டேன். “சீச்சீ, லண்டன்ல வீட்டுக்குள்ள நிண்ட வண்டி. இஞ்ச வந்து நான்தான் பெயின்ற் மட்டும் அடிச்சனான்” என்றார். ஒழுங்கைக்குள் ஓடிப் பார்த்தேன். பெரிய வீதிக்கு எடுக்க விடவில்லை, ரயர் காற்றுக் காணாது என்றார். சீற்றைக் கொஞ்சம் உயர்த்தக் கேட்டபோது, “உங்கட உயரத்துக்கு அளவாத்தானே இருக்கு” என்றார். அந்த இரண்டு பதிலுக்கும் பின்னால் காரணம் இருந்தது.

பண்ணை வீதியில் வேலணைப் பக்கமாகப் போனபோதுதான் முதலில் விளங்கியது. இரண்டு பக்கமும் கடல், காற்றுக்கு மறைப்பே இல்லாத பாதை. ஹாண்டிலில் பிடியைச் சற்றுத் தளர்த்தினால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. காற்று என்று நினைத்தால், திரும்பி வரும்போதும் அதே இடப்பக்கம். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும்போது இப்படி இழுக்கும் வண்டியில் இருப்பது எவ்வளவு பயங்கரம் என்று ஓடுகிறவர்களுக்குத் தெரியும்.

சுன்னாகத்தில் நெடுங்காலமாகச் சைக்கிள் திருத்தும் ஒரு ஐயாவிடம் கொண்டு போனேன். அவர் வண்டியைக் கவிழ்க்கக்கூட இல்லை. ஹாண்டில் கழுத்துக்குக் கீழே, பெடல் பக்கம் இறங்கும் பாரின் அடிப்புறத்தை விரலால் தடவினார். பிறகு பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்து அந்தப் பார் நெடுக இழுத்தார். எல்லா இடத்திலும் இறுக்கிப் பிடித்த காந்தம், கழுத்துக்குக் கிட்ட மட்டும் வழுக்கி விழுந்தது. “இது அடிபட்ட வண்டி தம்பி. உள்ளுக்குப் புட்டி” என்றார். என்னைக் கேட்டுவிட்டு அந்த இடத்தைச் சுரண்டினார். பெயின்றுக்குக் கீழே வெள்ளைப் புட்டி, அதற்குக் கீழே குழாயில் குறுக்காக ஒரு மடிப்பு.

இந்த மடிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சைக்கிள் நேராக எதிலாவது மோதினால் முன் போக் (முன் சில்லைப் பிடிக்கும் கவை) பின்னால் தள்ளப்படும். அந்த விசை கழுத்தைப் பிடித்து நெம்பும். அப்போது முதலில் நெளிவது மேல் பாரும் இறங்கும் பாரும் கழுத்தோடு சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான். ஒரு முறை மடிந்த மெல்லிய இரும்பை நிமிர்த்தினாலும் அந்த இடத்தில் பழைய பலம் இல்லை. ஓட ஓட வெடிப்பு வரும். என் வண்டியின் முன் போக்கையும் நிமிர்த்தியிருந்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால், போக்கின் மேல்பாதி கழுத்தின் அதே நேர்கோட்டில் வந்து, கீழேதான் முன்னால் வளையவேண்டும். என்னுடையதில் மேலேயே ஒரு சிறு நெளிவு தெரிந்தது. ஓடும்போது போக் முறிந்தால் தலைகுப்புற விழவேண்டியதுதான். இதை ஒரு பெடியனுக்கு விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

பிறேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க அந்த ஐயா ஒரு நூலை மட்டும்தான் எடுத்தார். பின் சில்லு பூட்டும் இடத்தின் ஒரு பக்கத்தில் கட்டி, முன்னால் கழுத்தைச் சுற்றி, மறுபக்கம் கொண்டுவந்து இழுத்துக் கட்டவேண்டும். சீற் குழாயில் இருந்து இரண்டு பக்க நூலுக்கும் உள்ள தூரத்தை அளந்தால் சமனாக வரவேண்டும். ஓரிரு மில்லிமீற்றர் வித்தியாசம் பழைய வண்டிகளில் இருக்கும், பரவாயில்லை. எனக்கு ஒரு பக்கம் 8 மில்லிமீற்றர் கூட வந்தது. நூலும் அடிமட்டமும் சட்டைப் பைக்குள் அடங்கும். விற்கிறவர் அளக்க விடாவிட்டால் அப்படியே வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

531 கதையும் பொய். றெனோல்ட்ஸ் 531 என்பது 1935 இல் இங்கிலாந்தில் வந்த, பெயர்பெற்ற குழாய். அந்த ஸ்ரிக்கரை இன்று யாரும் புதிதாக வாங்கி ஒட்டலாம். புதுப் பெயின்றுக்கு மேலே இருக்கும் ஸ்ரிக்கர் எதற்கும் சாட்சியில்லை. அசல் ஸ்ரிக்கராக இருந்தாலும் அதில் உள்ள சின்ன எழுத்தை வாசியுங்கள். சிலதில் மூன்று முக்கிய பார்கள் மட்டும்தான் 531 என்று இருக்கும், போக்கும் பின் குழாய்களும் சாதாரண இரும்பு. இன்னொரு சோதனை சீற் கம்பியின் தடிப்பு. நல்ல 531 பிறேம்களில் அது வழக்கமாக 27.2 மில்லிமீற்றர். மலிவுக் குழாயின் சுவர் தடிப்பானது, அதனால் உள்ளே போகும் கம்பி மெல்லியதாக இருக்கும். என்னுடையதை அளந்தால் 26 கூட இல்லை.

அந்தக் கம்பி அசையவும் இல்லை. அலுமினியம் இரும்புக்குள் வருடக்கணக்கில் கிறீஸ் இல்லாமல் இருந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும், எங்கள் உப்புக் காற்றில் இன்னும் மோசம். “அளவாத்தானே இருக்கு” என்று சொன்னதன் அர்த்தம் இதுதான். சீற்றையும் ஹாண்டிலையும் உங்கள் கண் முன்னால் கழற்றி ஏற்றி இறக்கிக் காட்டாமல் காசைக் கையில் கொடுக்காதீர்கள். சீற் கம்பி வெளியே வந்தால் அந்தத் துவாரத்துக்குள் ரோச் அடித்தும் பாருங்கள். தண்ணீர் இறங்கித் தங்குவது அடியில், பெடல் அச்சு ஓடும் கூட்டுக்குள். வெளியே புதுப் பெயின்ற் இருக்க, உள்ளே துரு செதில் செதிலாகக் கொட்டும்.

சில்லுகளைப் பொறுத்தவரை ரயரின் பக்கத்தில் இருக்கும் எண்ணை வாசித்தால் போதும். பழைய ஆங்கில றேசிங் வண்டிகளில் பெரும்பாலும் 27 அங்குலம், அதில் 630 என்று இருக்கும் (றிம்மில் ரயர் அமரும் விட்டம், மில்லிமீற்றரில்). பிற்காலத்து 700சி என்றால் 622. எங்கள் கடைகளில் கிடைக்கும் பெரிய சைக்கிளின் 28 அங்குல ரயர் 635. இவை ஒன்றுக்கொன்று பொருந்தாது. எனக்குத் தந்த வண்டியில் முன்னால் 630, பின்னால் 622! விட்டம் 8 குறைந்து றிம்மின் விளிம்பு 4 மில்லிமீற்றர் இறங்கிவிட்டதால் பின் பிறேக் கட்டை பாதி றிம்மிலும் பாதி ரயரிலும் உரசிக்கொண்டிருந்தது. ரயர் வெடிக்காமல் நான் வீடு வந்தது தெய்வச் செயல்.

பாரிசில் இருந்து சொந்தக்காரர் அனுப்பும் பழைய பெஜோ போன்ற பிரெஞ்சு வண்டிகளுக்கு ஒரு வார்த்தை. பிறேம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் பழைய பிரெஞ்சு மரையும் அளவும் வேறு, ஆங்கிலச் சாமான் ஏறாது. தேய்ந்த பெடல் கூட்டை மாற்ற இங்கே சாமான் தேடி அலையவேண்டி வரும். அதையும் விலையில் கணக்குப் பாருங்கள்.

வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் சுரண்டிய இடத்தைக் காட்டினேன். “பழைய சாமான் தம்பி, பாத்துத்தானே எடுத்தனீங்கள்” என்றார். பழசு என்பது வேறு, உடைந்ததை மறைப்பது வேறு. செயின் தேய்ந்திருந்தால், சில்லுக் கம்பி இரண்டு முறிந்திருந்தால், சீற் கிழிந்திருந்தால் அது பழசு. அதற்கு விலை குறைத்து வாங்கித் திருத்தி ஓடலாம். பெயின்ற் உரிந்து, கீறல் விழுந்து, ஆனால் பிறேம் நேராக நிற்கும் வண்டிக்கு நான் தயங்காமல் நல்ல விலை கொடுப்பேன். புதுப் பெயின்ற் அடித்ததற்கு, எந்த நிலையில் இருந்தது என்று காட்டும் பழைய படம் இல்லாவிட்டால், பிறேமுக்கு ஒரு சதமும் சேர்த்துக் கொடுக்கமாட்டேன். காசு கொடுக்கும்போது பிறேம் இலக்கத்தையும் “அடிபடாதது” என்ற சொல்லையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இலக்கம் அராவப்பட்டிருந்தால் அது களவு வண்டியாகவும் இருக்கலாம், தொடவே வேண்டாம்.

காசு திரும்பக் கிடைக்கவில்லை. பிறேமை யாரும் எடுத்து ஓடாதபடி அறுத்துவிட்டேன். அதே ஆள் இப்போது நீல நிறத்தில் இன்னொரு “லண்டன் 531” விளம்பரம் போட்டிருக்கிறார். பார்க்கப் போகிறவர்கள் ஒரு காந்தத்தோடு போங்கள்.