10 கி.மீ. ரேஸில் கார்மின் ஃபோர்ரன்னர் 55: லேப் பொத்தான் இருக்கும்வரை கவலையில்லை

மாரத்தான் பயிற்சி தொடங்கிய நாலாவது, ஐந்தாவது வாரத்தில் ஒரு 10 கி.மீ. ரேஸ் ஓடுவது நல்ல வழக்கம். அன்று கிடைக்கும் நேரத்தை வைத்துத்தான் டெம்போ (சீரான வேக ஓட்டம்), லாங் ரன் (நீண்ட ஓட்டம்), மாரத்தான் பேஸ் (கிலோமீட்டருக்கு ஆகும் நேரம்) எல்லாவற்றையும் அடுத்த சில வாரங்களுக்குக் கணக்குப் போடுவோம். ஆகவே அன்று கையில் இருக்கும் வாட்சிடம் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு கிலோமீட்டரும் எத்தனை நிமிடத்தில் போனது என்று சரியாகச் சொல்ல வேண்டும். 2021-இல் வந்த கார்மினின் ஓட்ட வாட்ச் ஃபோர்ரன்னர் 55 இந்த வேலையை ஒழுங்காகச் செய்யும். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபடியே கட்டிக்கொண்டு ஓடினால் செய்யாது.

வாட்சின் உடம்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 37 கிராம், ஐந்து பொத்தான், தொடுதிரை கிடையாது. வியர்வை வழியும் விரலுக்குத் தொடுதிரையைவிடப் பொத்தானே மேல். ஜிபிஎஸ் போட்டு 20 மணி நேரம் ஓடும் என்கிறது கார்மின். மாரத்தான் ஓடுகிறவருக்கு அது தாராளம். பாட்டு சேமிக்கும் வசதி இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். 10 கி.மீ. ரேஸ் முடிந்து பார்த்தால் இந்த வாட்ச் 10.10, 10.12 என்று காட்டும். உடனே ‘பாதையை நீளமாக அளந்துவிட்டார்கள்’ என்று அமைப்பாளர்கள்மேல் பாய்கிறவர்கள் உண்டு. சான்று பெற்ற பாதையைச் சைக்கிளின் முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் (சக்கரச் சுற்றை எண்ணும் கருவி) மாட்டி அளக்கிறார்கள். வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, ஓடக்கூடிய ஆகக் குறுகிய கோட்டைப் பிடித்து அளப்பார்கள். பாதை குறைந்துவிடக் கூடாதே என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் சேர்ப்பார்கள். நாம் அந்தக் கோட்டிலா ஓடுகிறோம்? கூட்டத்தில் ஆளை ஒதுக்கி ஒதுக்கி முந்துகிறோம், தண்ணீர் மேசைக்காக எதிர்ப்பக்கம் போகிறோம். ஒரு யு-டர்னில் அந்தக் கோட்டைவிட 3 மீட்டர் வெளியே வளைந்தாலே 9 மீட்டருக்கு மேல் கூடிவிடும். அதற்கு மேல்தான் ஜிபிஎஸ்ஸின் பிசகு. 55-இல் இருப்பது ஒற்றை அலைவரிசை ஜிபிஎஸ். உயரமான கட்டடங்களுக்கு நடுவே கோடு கொஞ்சம் ஆடத்தான் செய்யும்.

இந்த 120 மீட்டர் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். ஒருவர் சரியாக 50:00-இல் முடிக்கிறார், வாட்ச் 10.12 காட்டுகிறது என்று வையுங்கள். வாட்சின் கணக்கில் சராசரி பேஸ் 4:56. அவர் 10.00 கி.மீ.யைத் தொட்டது 49:24-இல். அதையே ‘புதிய சாதனை’ என்று வாட்ச் வாழ்த்தவும் செய்யும். அந்த 36 விநாடியை நம்பி மாரத்தான் இலக்கு போட்டால், ரீகல் சூத்திரப்படி (ஒரு தூரத்தின் நேரத்தை வைத்து இன்னொரு தூரத்தின் நேரத்தை மதிப்பிடும் கணக்கு) 2 நிமிடம் 46 விநாடி வேகமான இலக்கு வந்து உட்காரும். 30 கி.மீ.க்குப் பிறகுதான் அதன் கனம் தெரியும்.

தீர்வு எளிது, பலர் செய்வதில்லை. ரன் அமைப்புகளில் ஆட்டோ லேப்பை (வாட்ச் தானே கிலோமீட்டர்களைப் பிரித்துக் குறிப்பதை) அணைத்துவிடுங்கள். வலது கீழ்ப் பொத்தான்தான் லேப். ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போதும் அதை ஒருமுறை அழுத்துங்கள். திரையில் மூன்று விவரம் போதும்: லேப் நேரம், மொத்த நேரம், இதயத் துடிப்பு. தூரத்தையும் நடப்பு பேஸையும் எடுத்துவிடலாம். நடப்பு பேஸ் 4:40-க்கும் 5:20-க்கும் இடையே துள்ளிக்கொண்டிருக்கும். அதைத் துரத்தினால் முதல் இரண்டு கி.மீ.யிலேயே மூச்சு போய்விடும். 50 நிமிட இலக்கு என்றால் ஒவ்வொரு பலகையிலும் லேப் நேரம் 5:00 வர வேண்டும். மனக்கணக்கே தேவையில்லை.

சின்ன ரேஸ்களில் பலகைகளே இடம் மாறி நிற்பதுண்டு. ஒரு லேப் 4:35, அடுத்தது 5:27 என்றால் உங்கள் வேகம் மாறவில்லை, நடுவில் இருந்த பலகைதான் தவறிய இடத்தில் நிற்கிறது. இரண்டையும் கூட்டுங்கள்: 10:02. கவலைப்பட ஒன்றுமில்லை. எல்லா லேப்பும் ஒரேயடியாக வழக்கத்தைவிட 10, 12 விநாடி வேகமாக வந்து, வாட்ச் கடைசியில் 9.8 காட்டினால் மட்டும் பாதையைச் சந்தேகிக்கலாம். ஜிபிஎஸ் கூட்டிக் காட்டுவது சகஜம். நேர் சாலையில் 200 மீட்டர் குறைத்துக் காட்டுவது அபூர்வம்.

ஆட்டோ பாஸையும் அணைத்துவிடுங்கள். பாலத்தடியில் சிக்னல் விட்டால் நீங்கள் நின்றுவிட்டதாக நினைத்து அதுவும் நின்றுவிடும். முந்தின இரவே போனோடு ஒத்திசைத்தால் செயற்கைக்கோள் விவரம் இறங்கியிருக்கும், காலையில் சிக்னல் சீக்கிரம் பிடிக்கும். தொடக்கக் கோட்டுக்குப் போனதும் ரன் திரையைத் திறந்து சிக்னல் வாங்கிவிடுங்கள். ஆனால் நெடுநேரம் பொத்தானைத் தொடாமல் விட்டால் வாட்ச் சாதாரண நேரத் திரைக்குத் திரும்பிவிடும். துப்பாக்கிச் சத்தம் கேட்கும்போது மறுபடி தேட ஆரம்பிக்கும். அவ்வப்போது ஒருமுறை பாருங்கள். ஸ்டார்ட்டைச் சத்தம் கேட்டதும் அழுத்த வேண்டாம், சிப் பாயை (ஓடுகிறவர் அணிந்த சிப்பைப் படித்து நேரம் பதியும் விரிப்பு) உங்கள் கால் தாண்டும்போது அழுத்துங்கள். முடிவுக் கோட்டில் கையைப் பார்த்துக் குனிந்தபடியே புகைப்படத்தில் விழ வேண்டியதில்லை. இரண்டு எட்டு தள்ளி நிறுத்தினாலும் போதும், கணக்குக்கு எடுப்பது சிப் நேரத்தைத்தான்.

மணிக்கட்டுத் துடிப்பளவுதான் இந்த வாட்சின் பலவீனமான பக்கம். ரேஸ் தொடங்கிய சில நிமிடங்களில் 175, 178 என்று நிலையாக நின்றால் அது உங்கள் இதயமா, காலடி எண்ணிக்கையா என்று யோசியுங்கள். நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்களோ அதையே துடிப்பாகப் பிடித்துக்கொள்ளும் கோளாறு இந்த வகை சென்சார்களில் உண்டு. மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, வார் நகராதபடி இறுக்கிக் கட்டினால் பாதி குறையும். துடிப்பு மண்டலங்களை வைத்துப் பயிற்சி செய்கிறவர்கள் மார்புப் பட்டை வாங்கிவிடுவது நல்லது. 55 அதனோடு இணையும்.

பேஸ்ப்ரோ என்று ஒரு வசதி இருக்கிறது, கிலோமீட்டர் வாரியாக இலக்கு பேஸைக் காட்டும். தனியாக ஓடும்போது நன்றாக இருக்கும். ரேஸில் அது வாட்ச் அளக்கும் தூரத்தை வைத்தே நகர்வதால், பலகை வருமுன்பே அடுத்த கிலோமீட்டருக்குத் தாவி, ‘முன்னே இருக்கிறீர்கள்’ என்று ஆறுதல் சொல்லும். 10 கி.மீ.க்கு வேண்டாம்.

ரேஸ் முடிந்ததும் ரேஸ் பிரிடிக்டர் பக்கம் போய்ப் பார்க்கும் ஆசை வரும். அது காட்டும் மாரத்தான் நேரம், அந்தத் தூரத்துக்கான பயிற்சியை நீங்கள் முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு. ஐந்தாவது வாரத்தில் யார் முடித்திருக்கிறார்கள்? அதைவிடச் சிப் நேரத்தை 4.6-ஆல் பெருக்குங்கள். பீட்டர் ரீகல் 1977-இல் வெளியிட்ட சூத்திரத்தின் சுருக்கம் அது (சாலைப் பாதைகளை அளக்கும் முறையில் முன்னின்று உழைத்தவரும் அவர்தான் என்பது வேடிக்கையான பொருத்தம்). 50 நிமிடம் என்றால் 3:50 (3 மணி 50 நிமிடம்). வாரம் 30, 35 கி.மீ. மட்டும் ஓடுகிறவர்கள் 4.8-ஆல் பெருக்கி 4:00 என்று வைத்துக்கொள்வதே பத்திரம். லாங் ரன் 28, 30 கி.மீ.யைத் தொட்ட பிறகு அந்த எண்ணை இறக்கிக்கொள்ளலாம்.

‘ரெகவரி டைம் 60 மணி’ என்று வந்தால் படுத்துக்கொள்ளச் சொல்வதாக எண்ண வேண்டாம். அடுத்த கடினமான ஓட்டத்துக்கான இடைவெளி அது. மெதுவோட்டம் ஓடலாம். வாட்ச் தரும் தினசரிப் பயிற்சிப் பரிந்துரைக்கு நீங்கள் தனியாகப் போட்டுவைத்திருக்கும் திட்டம் தெரியாது என்பதால், ரேஸுக்கு முந்தின நாள் வேக ஓட்டம் காட்டினால் தள்ளிவிடுங்கள். ரேஸுக்கு முன் 3 கி.மீ., பின் 4, 5 கி.மீ. மெதுவாக ஓடி அன்றைய தூரத்தை 17, 18 ஆக்குகிறவர்கள் மூன்றையும் தனித்தனியாகப் பதிந்து சேமிக்க வேண்டும். ஒன்றாகப் பதிந்தால் ரேஸின் சராசரி கலங்கிவிடும், பிறகு பிரித்தெடுப்பது தலைவலி.

உயரக் கட்டடங்களுக்கு நடுவிலேயே தினமும் ஓடுகிறவர்களும், ஏற்றப் பயிற்சியில் ஏறிய உயரத்தைச் சரியாகப் பார்க்க வேண்டியவர்களும் ஃபோர்ரன்னர் 255-க்குப் போகலாம். அதில் பல அலைவரிசை ஜிபிஎஸ்ஸும் காற்றழுத்த உயரமானியும் உண்டு, 55-இல் இரண்டும் இல்லை. மற்றவர்களுக்கு 55 போதும். மிச்சப் பணத்துக்கு மார்புப் பட்டை வாங்குங்கள்.